உமிழ்நீர் அமைலேஸ் சோதனை: நீலம் மறைந்தால் மட்டும் போதாது

உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சைச் சிதைக்கிறதா என்று அறிய, ஸ்டார்ச் கரைசலில் உமிழ்நீர் சேர்த்து, அயோடின் விட்டுப் பார்க்கும் சோதனை உயிரியல் ஆய்வகங்களில் வழக்கமானது. நீலம் வரவில்லை என்றதும் "நொதி ஸ்டார்ச்சைச் சிதைத்துவிட்டது" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். நொதி எதுவுமே செய்யாதபோதும் நீலம் மறையும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது சூடு. ஸ்டார்ச்சில் உள்ள அமைலோஸ் சங்கிலி சுருளாக வளைந்திருக்கும். அந்தச் சுருளுக்குள் அயோடின் வரிசையாக அமரும்போதுதான் நீலம் தோன்றுகிறது. சூடேறினால் இந்தப் பிணைப்பு தளர்ந்து அயோடின் வெளியேறும். அதனால் 80 டிகிரி செல்சியஸ் வாட்டர் பாத்திலிருந்து எடுத்த குழாயில் உடனே அயோடின் விட்டால், ஸ்டார்ச் அப்படியே இருந்தாலும் நிறம் வெளிறிவிடும், ஆறியதும் திரும்பும். ஒரு சொட்டு எடுத்துக் குழித்தட்டில் ஆறவிட்டு, பிறகு அயோடின் விடுங்கள்.

இரண்டாவது காரம். பி.எச். (அமில-கார அளவு) 10-இல் மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலில் அயோடினே வேதிமாற்றம் அடைந்து நிறமிழக்கும். இதைக் கவனிக்காமல் "காரத்தில் நொதி வேகமாக வேலை செய்கிறது" என்று எழுதினால் முடிவு தலைகீழாகிவிடும். குழித்தட்டில் உள்ள சொட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் லேசான அமிலத்தன்மைக்குக் கொண்டுவந்த பிறகே அயோடின் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒவ்வொரு பி.எச்.சுக்கும், 10 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்ட உமிழ்நீர் சேர்த்த ஒப்பீட்டுக் குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். அதிலும் நீலம் வராவிட்டால் குறை சோதனை முறையில்தான்.

அளவுகளில் நடக்கும் தவறுகளும் உண்டு. வாயைக் கொப்பளித்துவிட்டு எடுத்த உமிழ்நீரை 10 அல்லது 20 மடங்கு நீர்க்க வேண்டும். அப்படியே ஊற்றினால் முதல் நிமிடத்திலேயே எல்லாம் முடிந்து, குழாய்களுக்கிடையே வேறுபாடு தெரியாது. 1% ஸ்டார்ச்சைக் குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிநீரில் ஊற்றிக் கிளறி, முழுதாக ஆறவிடுங்கள். அதில் சிறிது சோடியம் குளோரைடு சேர்ப்பது முக்கியம்: குளோரைடு அயனி குறைந்தால் அமைலேஸின் வேகமும் குறையும். 5 மி.லி. ஸ்டார்ச்சையும் 1 மி.லி. நீர்த்த உமிழ்நீரையும் தனித்தனியாக 5 நிமிடம் 37 டிகிரியில் வைத்துவிட்டுக் கலக்கவும். அயோடினை வினை நடக்கும் குழாயில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது நொதியைத் தடுக்கும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் பார்த்தால் நீலம், ஊதா, செம்பழுப்பு என்று மாறி, கடைசியில் அயோடினின் மஞ்சளே நிற்கும். அவரவர் உமிழ்நீரை அவரவரே கையாள்வது நல்லது.

விளக்கம் எழுதும்போது அடிக்கடி வரும் பிழை, குளிரையும் கொதிப்பையும் ஒன்றாகப் பார்ப்பது. 0 டிகிரியில் நொதி கெடுவதில்லை. மூலக்கூறுகள் மெதுவாக நகர்வதால் மோதல்கள் குறைகின்றன, அவ்வளவுதான். அதே குழாயை 37 டிகிரிக்கு மாற்றினால் வினை வேகம் பிடிக்கும். கொதித்த நொதியோ திரும்பாது. அப்போதும் அமினோ அமிலங்களின் வரிசை கலைவதில்லை. பெப்டைடு பிணைப்புகளும் அறுவதில்லை. புரதத்தின் மடிப்புதான் குலைகிறது. ஸ்டார்ச் வந்து பொருந்தும் பள்ளத்தில் இரண்டு அஸ்பார்டிக் அமிலங்களும் ஒரு குளுட்டாமிக் அமிலமும் துல்லியமான இடைவெளியில் நிற்க வேண்டும். மடிப்பு போனால் அவை சிதறிவிடும். பி.எச். மாறும்போது இதே அமிலங்களின் மின்சுமை மாறுகிறது. ஸ்டார்ச்சின் பிணைப்பை வெட்ட ஒன்று புரோட்டான் வழங்க வேண்டும், இன்னொன்று எதிர்மின்சுமையுடன் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது பி.எச். 6.8 ஒட்டிய சிறு எல்லைக்குள்தான். "நொதி இறந்துவிட்டது" என்று எழுதுவதைவிட "இயல்பிழந்தது" என்று எழுதுவதே சரி.

சர்க்கரையைக் கண்டறியும் பெனடிக்ட் சோதனையில் செங்கல் நிறம் வந்ததும் குளுக்கோஸ் என்று முடிவு கட்டுவதும் தவறு. அமைலேஸ் தருவது பெரும்பாலும் மால்டோஸ், அதாவது இரண்டு குளுக்கோஸ் இணைந்த சர்க்கரை. அதுவும் பெனடிக்ட் கரைசலை ஒடுக்கி அதே நிறம் தரும். அதைக் குளுக்கோஸாக்குவது சிறுகுடலின் வேறு நொதிகள்.

வரைபடத்தில் நேரத்தையே நொதியின் செயல்திறனாகக் குறித்தால், உகந்த வெப்பநிலையில் கோடு தாழ்ந்து கிடக்கும். அதனால் 1-ஐ நேரத்தால் வகுத்து வேகமாகக் குறியுங்கள்: நீலம் மறைய 4 நிமிடம் ஆனால் வேகம் 1/4, அதாவது 0.25. கொதித்த குழாயில் நீலம் மறையவே இல்லை என்றால் அதன் வேகம் 0; அந்தப் புள்ளியையும் விடாமல் குறியுங்கள்.