ஹொண்டா சி50, சி90 வாங்கப் போகிறவருக்கு

பழைய மோட்டார் சைக்கிள் பார்க்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது "ஓடுமோ?" என்றல்ல, "புத்தகம் கையில இருக்கோ?" என்றுதான். எஞ்சினை எப்படியும் ஓட வைத்துவிடலாம். பேப்பர் இல்லாத வண்டி ஓடினாலும் வளவுக்குள்தான் ஓடும்.

கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பத்தியில் எப்போதும் ஏதாவது ஒரு சின்ன ஹொண்டா கழட்டியபடி கிடக்கும். என் தொழில் வேறு, இது பின்னேரத்து வேலை. அதனால் ஊருக்குள் யாராவது பழசு வாங்கப் போனால் "ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை" என்று கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே நான் என்ன பார்ப்பேன், வாங்கிய பிறகு எதிலிருந்து தொடங்குவேன் என்பதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் சின்ன மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் ஹொண்டாதான். சி50, சி70, சி90, பெண் ஆசிரியைகள் ஓடித் திரிந்த சாலி, ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த சிவப்பு எம்டி90. இந்தக் குடும்பத்தின் தலைமகன் 1958 இல் வந்த சி100. அதில் வால்வைத் தள்ளுகோல் இயக்கியது. 1966 இல் வந்த சி50 இல், வால்வைத் திறக்கும் கேம் தண்டு எஞ்சின் தலைக்குள் ஏறிவிட்டது. சூப்பர் கப் எனப்படும் இந்த வகையில் 2017 இல் 10 கோடியாவது வண்டியும் செய்தாகிவிட்டது. இவ்வளவு பெருகியதால்தான் அரை நூற்றாண்டு கழிந்தும் இதற்கு றிங்கும் பிளக்கும் கேட்ட உடனே கிடைக்கின்றன. முதன்முதலாக வாங்குகிறவருக்கு என் தெரிவு சி70 அல்லது சி90. சி50 இரண்டு பேரை ஏற்றினால் மூச்சு வாங்கும். எம்டி90 நல்ல உழைப்பாளி, ஆனால் அதன் 14 அங்குல ரயருக்கு அலைய வேண்டும்.

பிஎஸ்ஏ பன்டமும் சில வீடுகளில் உண்டு. 1948 இல் 125 சிசியாக வந்த இங்கிலாந்து வண்டி. அதன் எஞ்சின், ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி125 வரைபடம் போர் இழப்பீடாகக் கைமாறியதில் பிறந்தது. அழகான சாமான்தான். முதல் வண்டியாக மட்டும் அதை வாங்காதீர்கள்.

சரி, பேப்பருக்கு வருவோம். சி.ஆர். எனப்படும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் நம்பர் இடப்பக்கம் கீழே இருக்கும். சி50 என்றால் சி50இ என்றும் சி90 என்றால் சி90இ என்றும் தொடங்கும். செசி நம்பரின் மேல் துருவும் பெயின்ரும் படிந்திருந்தால் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். அராவிவிட்டுத் திரும்ப அடித்த இலக்கங்கள் கண்ணுக்குத் தப்பினாலும் பென்சிலுக்குத் தப்பாது. எங்கள் பக்கத்து வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உரிமையாளர் செத்திருப்பார், அல்லது கனடாவில் இருப்பார். இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்திருக்கும். நடுவில் நாலு கை மாறியும் ஒருவரும் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். "ஓபன் பேப்பர் இருக்குத்தானே" என்பார்கள். வாங்குபவர் பெயர் எழுதாமல் உரிமையாளர் கையெழுத்து மட்டும் வைத்த தாள் அது. அதில் கையெழுத்து வைத்தவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் வண்டி எவ்வளவு வடிவாக இருந்தாலும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வருடம் லைசன்ஸ் எடுக்காத வண்டியென்றால் பிரதேச செயலகத்தில் நிலுவையை விசாரித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் வந்ததே, அதைப் பதியவும் செசி நம்பர் வேண்டியிருந்தது. யாருடைய பேப்பர் சரி, யாருடையது பிழை என்று முழு ஊருக்கும் அப்போது தெரிந்துபோனது. பேப்பர் சரியாக இருந்த சி50 காரருக்கு அந்த 4 லீற்றரில் மிச்சமும் இருந்தது.

அடுத்தது உடம்பு. சூப்பர் கப்பின் சட்டம் குழாயால் செய்ததல்ல. தகட்டை அழுத்தி இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியது. பின் மட்காட்டும் அதன் பகுதிதான். அதனால் துரு பிடித்தால் கழட்டி மாற்ற எதுவும் இல்லை. பற்றரிப் பெட்டிக்குக் கீழே, பின் சொக் அப்சோபர் பூட்டும் இடம், மட்காட்டின் உள்பக்கம், இந்த மூன்றையும் குனிந்து பாருங்கள். துணி சுற்றிய ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் நல்லது. பளபளவென்று பெயின்ற் அடித்த இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே இருப்பது தகடல்ல, பூசி மறைத்த பட்டி. குருநகர், காரைநகர், பருத்தித்துறை என்று கடலோரத்தில் நின்ற வண்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம். உள்ளூரில் செம்மண் புழுதி குடித்த வண்டி அசிங்கமாகத் தெரியும், ஆனால் தகடு தப்பியிருக்கும். நான் அதைத்தான் எடுப்பேன்.

எஞ்சினைப் பற்றிப் பேச முன் மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பொன்போல் பெற்றோல் வைத்திருந்து, கார்பரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு உதைத்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சேலைன் குழாயெல்லாம் அதற்குப் பயன்பட்டது. அந்தக் காலத்தைக் கடந்த வண்டியில் இன்றும் அடையாளம் இருக்கும். பக்க மூடியில் தேவையில்லாத ஒரு துளை, தகரப் போத்தலைக் கட்டிய கிளிப், குழாயில் எரிபொருளைத் திறந்து மூட யாரோ ஒட்டிவிட்ட இரண்டாவது தப்.

அடையாளத்தைக் கண்டால் பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் றிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கும். தண்ணியான எண்ணெயால் அடிபடுவது பிஸ்ரன் மட்டுமல்ல. பழைய 6 வோல்ற் சி50, சி70 இல் கேம் தண்டுக்குத் தனி பெயரிங் கிடையாது, தலையின் அலுமினியத்திலேயே நேராகச் சுழலும். அந்த அலுமினியம் அரைபட்டால் தலையையே தேட வேண்டியதுதான். ஆகவே விற்பவரின் அனுமதியோடு வால்வுக்கு மேலே இருக்கும் தப்பெற் மூடியைக் கழட்டி, கேம் பக்கம் எண்ணெய் ஏறுகிறதா, தண்டு ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போக முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஆற விட்டுத்தான் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, றிங்கோ வால்வு சீலோ போய்விட்டது. இடப்பக்கம் சரசரவென்ற சத்தம் கேம் செயின். அது பெரிய செலவில்லை. அடியில் இருந்து டொக் டொக் என்று வந்தால் கொனெக்ரிங் றொட். விலையில் அதைக் கழியுங்கள்.

வாங்கி வந்ததும் எல்லோருக்கும் பெயின்ற் அடிக்கத்தான் கை துருதுருக்கும். அது கடைசி வேலை. நான் எப்போதும் எண்ணெயிலும் பெற்றோல் தாங்கியிலும்தான் தொடங்குவேன்.

இந்த எஞ்சினுக்கு வேண்டியது ஒரு லீற்றருக்கும் குறைவான எண்ணெய். காருக்கு இருப்பதுபோல் கடதாசி ஃபில்ரர் இல்லை. வலப்பக்க மூடிக்குள் ஒரு வலைத் தகடும், சுழன்று சுழன்று அழுக்கைச் சுவரில் ஒட்டவைக்கும் ஒரு கிண்ணமும்தான் உண்டு. எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு அந்தக் கிண்ணத்தைத் திறக்காமல் விட்டவர்கள்தான் ஊரில் அதிகம். திறந்தால் கறுப்புக் களி மாதிரி வரும். வழித்து எடுத்து மண்ணெண்ணெயில் கழுவுங்கள். மண்ணெண்ணெய்க்கு எஞ்சினுக்குள் இருக்கும் நியாயமான வேலை இது ஒன்றுதான்.

தாங்கி சீற்றுக்கு அடியில் இருக்கும், தனியாகக் கழரும். உள்ளே துரு இருந்தால் கடை அசிற் வேண்டாம், தகட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். வினாகிரி போதும். தப்பைக் கழட்டித் துளையை அடைத்து, ஒரு பிடி பழைய நட்டுகளையும் உள்ளே போட்டுக் குலுக்கி, இரண்டு நாள் நிறைய விட்டு வையுங்கள். பிறகு அப்பச் சோடா கரைத்த தண்ணியால் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, கொஞ்சம் பெற்றோலும் எண்ணெயும் விட்டு உருட்டுங்கள். காய்ந்தபடி ஒரு இரவு விட்டாலும் திரும்பவும் செம்பழுப்பாகிவிடும். ஓட்டை அடைக்க வெல்டிங்குக்குக் கொடுப்பதென்றால், பெற்றோல் ஆவி முழுதாகப் போன பிறகுதான். இதில் விளையாட்டு வேண்டாம்.

கார்பரேற்றரில் பெற்றோல் வரும் சின்னத் துளை, ஜெற், அடைபட்டிருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெருத்துவிடும். ஈர்க்கு போதும், அல்லது சைக்கிள் பம்பால் ஊதுங்கள். தப்பெற் இடைவெளி 0.05 மில்லிமீற்றர், இரண்டு வால்வுக்கும், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. எஞ்சினின் இடப்பக்கம் சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தில் இருக்கும் ரி (T) குறியைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, வால்வைத் தட்டும் இரண்டு றொக்கரும் தளர்வாக இருக்கும்போது பாருங்கள். பிளக்கின் தீப்பொறிக்கு மின்சாரத்தை வெட்டிவிடும் பொயின்றின் இடைவெளி 0.3 இலிருந்து 0.4 மில்லிமீற்றர் வரை. குளிரில் ஓடிச் சூட்டில் நின்றால் பொயின்றோடு சேர்ந்த கொண்டென்சரைச் சந்தேகியுங்கள். சி50, சி70 இல் அதை எடுக்க ஃபிளைவீலைக் கழட்ட வேண்டும். அதற்கென்று இழுத்துக் கழட்டும் புலர் இருக்கிறது, சுத்தியலைத் தூக்காதீர்கள். பழைய பிறேக் சூவில் கல்நார் இருக்கும், தூசியை வாயால் ஊத வேண்டாம், நனைத்துத் துடையுங்கள்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போர் அடித்து, அதாவது உட்துளையைப் பெருப்பித்து, 0.25, 0.50 மில்லிமீற்றர் என்று அடுத்த அளவு பிஸ்ரன் போடலாம். பிஸ்ரனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய்த்தான் போர் அடிக்கக் கொடுக்க வேண்டும். சாமான்களுக்கு முதலில் ஸ்ரான்லி வீதி, அங்கே இல்லாதது கொழும்பு பஞ்சிகாவத்தையில். சீனாக் கொப்பி றிங்கும் கேபிளும் பாவிக்கலாம். பொயின்றும் கொண்டென்சரும் மட்டும் பழைய ஜப்பான் சாமானாகத் தேடுங்கள். சிலர் இவ்வளவு பாடு எதற்கு என்று சீனா 110 எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். நன்றாகத்தான் ஓடும். ஆனால் புத்தகத்தில் இருக்கும் நம்பர் அதோடு போய்விடும். எனக்கு அது பிடிப்பதில்லை. 6 வோல்ற்றை 12 ஆக்குவதில் எனக்குக் கோபமில்லை. இரவில் ஓடுகிறவருக்கு வெளிச்சம் வேண்டும்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதற்கு ஒரு அப்பியாசக் கொப்பியும் பேனாவும் போதும். வண்டியை எடுத்து வரமுன் விற்கும் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். முதலில் யார் வாங்கினது? என்ன வேலைக்கு ஓடினது? யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு எங்கே நின்றது? ஓட்டிக்கொண்டு போனார்களா, சாமான் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்களா, பூட்டிவிட்டுப் போனார்களா? சொல்வதை அவர்கள் வாயால் வந்தபடியே எழுதுங்கள். அளவெட்டியில் ஒரு ஆசிரியரின் சி90ஐ அவர் மனைவியிடம் வாங்கும்போது, முன் மட்காட்டில் ஒரு நெளிவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அது கிளாலியில வள்ளத்தில ஏத்தேக்க பட்டது தம்பி. அதைத் தட்டிப்போடாதையுங்கோ" என்றார். கிளாலிக் கடலேரியைக் கடந்த வள்ளத்தைத்தான் சொன்னார். தட்டவில்லை. தகடு தட்டும் டிங்கர் பாஸ் இன்றைக்கும் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

அதனால் பெயின்ற் விஷயத்தில் என் கொள்கை இதுதான். துரு பிடித்த இடத்தைச் சுரண்டித் துரு தடுக்கும் பூச்சுக் கொடுத்து, பழைய நிறத்தைப் பார்த்துக் கலந்து அந்த இடத்துக்கு மட்டும் அடியுங்கள். மண்ணெண்ணெய்த் துளையை அடைக்க வேண்டாம். சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் பலகை இருந்தால் அதைக் கழட்டி எறியாதீர்கள். அந்த ஒரு எழுத்துக்காக 1950களின் கடைசியில் இங்கே போராட்டமே நடந்தது. கலை நிகழ்ச்சி மேடை மாதிரி மெற்றாலிக் நீலம் அடித்துக் கொண்டுவருகிறவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் என்னிடம் விலை கேட்டால் மட்டும் குறைத்துச் சொல்வேன்.

போர் அடித்த எஞ்சினை முதல் 500 கிலோமீற்றர் முறுக்காமல் ஓடி, நடுவிலும் முடிவிலும் எண்ணெயை மாற்றுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஓடிவிட்டு அடுத்த வருடம் வரை பூட்டி வைப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களுக்கு: தப்பைப் பூட்டி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்பரேற்றர் அடித் திருகைத் தளர்த்தி மிச்சத்தை வடியுங்கள். தாங்கியைக் காலியாக்கி உள்ளே எண்ணெய் உருட்டுங்கள். பிளக்கைக் கழட்டி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மெதுவாக உதைத்துவிட்டுப் பூட்டுங்கள். இரண்டு ரயரும் நிலத்தில் முட்டாமல் பலகை வைத்து நிறுத்துங்கள். மாதம் ஒருதரம் ஸ்ராட் பண்ணிவிடச் சொல்லி வீட்டில் ஒருவரையும் கேட்காதீர்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடி அணைகிற எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும். ஓடத் தெரிந்த தம்பி ஒருவர் இருந்தால் வண்டியைப் பூட்டவே வேண்டாம். பண்ணைப் பாலத்தால் வேலணை வரை போய்த் திரும்பட்டும். வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணியில் கழுவட்டும்.