பூங்கா சிட்டியுடையது: டாக் பார்க் சங்கங்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

எங்கள் ஊர் டாக் பார்க்குக்கு, அதாவது நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிடும் வேலி போட்ட பூங்காவுக்கு, ஒரு தன்னார்வலர் சங்கம் இருக்கிறது. இடம் சிட்டியுடையது, அதாவது நகர நிர்வாகத்துடையது. கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய சின்ன ஊர். அந்தச் சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். அதற்கு முன் இரண்டு வருடம் சனிக்கிழமை காலையில் பூங்காத் தரையில் மரச்சில்லு பரப்பும் ஆள். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் நாங்களே செய்தவை. மீதி, பக்கத்து ஊர்க்காரர்கள் செய்துவிட்டு எங்களிடம் வந்து புலம்பியவை.

அமெரிக்காவில் டாக் பார்க் என்பதே அக்கம்பக்கத்து ஆட்கள் கேட்டு வாங்கிய விஷயம். 1979-இல் பர்க்லியில் தொடங்கிய ஓலோனி டாக் பார்க்கைத்தான் முதலாவது என்று சொல்வார்கள். பார்ட் என்னும் வளைகுடாப் பகுதி மின்ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுவதற்காக வீடுகளை இடித்த நிலம் அது. சுரங்கம் மூடிய பிறகு மேலே கிடந்த இடத்தில் ஒரு துண்டை வேலி போட்டு நாய்களுக்கு விட்டார்கள். பார்த்துக்கொள்ள ஓலோனி டாக் பார்க் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் உருவானது. நிலம் நகரத்துடையது, கைவேலை சங்கத்துடையது. பின்னால் வந்த பல ஊர்களிலும் ஏற்பாடு இதுதான். சிக்கலும் இதில்தான் தொடங்குகிறது. ஒரு இடத்தைப் பத்து வருடம் பெருக்கினால் அது நம் இடம் என்று மனசு நம்பிவிடும்.

நாங்கள் அப்படி நம்பித்தான் பந்தல் போட்டோம். ஒரு கோடையில் வெயில் தாங்கவில்லை என்று நன்கொடை திரட்டி, நாலு இரும்புத் தூண் நட்டு, மேலே நிழல்துணி கட்டினோம். எல்லோருக்கும் பெருமை. மூன்றாவது வாரம் சிட்டி ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். அனுமதி இல்லை, தூணுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் போகிறது, காற்றில் சாய்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கோபமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தால் அவர்கள் சொன்னதில் பிழையே இல்லை.

அதனால் முதல் வேலை, சிட்டியோடு எழுத்தில் ஒரு ஒப்பந்தம். பார்க்ஸ் டிபார்ட்மென்டில் ஒரு நல்ல மனிதர் 'பண்ணுங்க, பாத்துக்கலாம்' என்று சொல்லியிருப்பார். அவர் வேறு ஊருக்கு மாறிப் போவார், அந்தச் சொல்லும் கூடவே போகும். ஒப்பந்தம் நாலு பக்கம் இருந்தால் போதும். குப்பைத்தொட்டியைக் காலி செய்வது யார்? கழிவுப் பை வாங்குவது யார்? வேலி கிழிந்தால் யார் தைப்பது? மழைக்காலத்தில் பூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? சங்கம் வாங்கி வைத்த பெஞ்ச் வைத்த நொடியிலிருந்து யாருடையது? கடைசிக் கேள்வியை எல்லோரும் மறப்பார்கள். இறந்துபோன நாயின் பெயரைப் பொறித்து ஆயிரம் டாலருக்கு பெஞ்ச் கொடுத்தவர், அது என்றென்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று நம்புவார். சிட்டிக்கு அப்படி ஒரு எண்ணமே இருக்காது. எத்தனை வருடத்துக்கு என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

காப்பீடும் இதோடு சேர்ந்ததுதான். 'நாமெல்லாம் வாலண்டியர்தானே, நம்மேல் யார் வழக்குப் போடுவார்?' என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 1997-இல் வந்த கூட்டாட்சி தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், சாதாரணக் கவனக்குறைவுக்குத் தனித்தனி தன்னார்வலரைக் காக்கும். சங்கத்தைக் காக்காது. காரோட்டும்போது நடந்ததற்கும் அது பொருந்தாது. மரச்சில்லு ஏற்றிய பிக்கப்பைப் பின்னால் எடுக்கும்போது யாரையாவது இடித்தால், அந்தச் சட்டம் பக்கத்தில்கூட வராது. எங்கள் சிட்டி பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு கேட்டது, அதில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னது. ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்து மூச்சு வாங்கியது உண்மைதான். ஆனால் நாங்கள் நிதி திரட்டுவதற்கு முதல் காரணமே அந்தக் கட்டணம் என்றாகிவிட்டது, அதைச் சொல்லிக் கேட்டால் ஆட்கள் கொடுக்கவும் செய்தார்கள்.

அடுத்தது போலீஸ் வேலை. இதை எழுதும்போதே எனக்குச் சில முகங்கள் ஞாபகம் வருகின்றன, போகட்டும். சங்கத்தின் பெயர் போட்ட மஞ்சள் பனியன் கிடைத்ததும் சிலர் ஆளே மாறிவிடுகிறார்கள். 'உங்க நாய்க்கு இனிமே இங்க இடமில்ல' என்று ஒரு பெண்ணைப் பார்த்து எங்கள் ஆள் ஒருவர் சொல்லிவிட்டார். அது பொதுப் பூங்கா. வரி கட்டும் யாரும் வரலாம். தடுக்கும் அதிகாரம் சிட்டிக்கும், விலங்குப் புகார்களைக் கவனிக்கும் அனிமல் கன்ட்ரோல் துறைக்கும் உண்டு, நமக்குக் கிடையாது. அந்தப் பெண் நேராக நகர மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினார், நாங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதினோம். அதைவிட மோசம், நாயின் போட்டோவைப் போட்டு 'இந்த நாய் ஆபத்தானது' என்று வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுவது. சண்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேராக இருப்பார்கள், கதை சொல்பவர்கள் இருபது பேர்.

நாய் ஒரு ஆளைக் கடித்துவிட்டால் யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். கலிஃபோர்னியாவில் சிவில் கோட் 3342-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் தன் நாய் கடித்தால் உரிமையாளர்தான் பொறுப்பு. 'இதுக்கு முன்னாடி யாரையும் கடிச்சதே இல்ல' என்பது பதில் ஆகாது. கடிபட்டது மனிதர் என்றால் உள்ளூர்ச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போக வேண்டும், கடித்த நாயைப் பத்து நாள் தனியே வைத்துக் கண்காணிப்பார்கள். சங்கத்து ஆள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரு தரப்பும் போன் நம்பர் மாற்றிக்கொள்ள வைப்பது, அனிமல் கன்ட்ரோல் நம்பரைக் காட்டுவது, நடந்த நேரத்தைக் குறித்துவைப்பது. அப்புறம் வீட்டுக்குப் போய்விடலாம்.

சண்டை எங்கே நடக்கிறது என்று கவனித்தால் பாதிச் சண்டை குறையும். பெரும்பாலும் வாசலில்தான். புது நாய் உள்ளே வரும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் நாய்களெல்லாம் ஓடிவந்து மொய்க்கும். கழுத்தில் கயிற்றோடு நிற்கும் நாய் தப்பிக்க வழி தெரியாமல் பல்லைக் காட்டும். இதற்காகத்தான் இரட்டைக் கதவு வைக்கிறார்கள், நடுவில் கயிற்றைக் கழற்றிவிட்டு உள்ளே விடலாம் என்று. நாங்கள் என்ன செய்தோம்? அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே பெஞ்ச், தண்ணீர்க் கிண்ணம், அறிவிப்புப் பலகை எல்லாவற்றையும் வைத்தோம். ஆட்களும் நாய்களும் அங்கேயே கூடி நின்றார்கள். பெஞ்சை எதிர்க் கோடிக்கு நகர்த்திய மாதத்திலிருந்து வித்தியாசம் தெரிந்தது. பலகையில் இருந்த இருபத்துமூன்று விதிகளையும் ஐந்தாகக் குறைத்தோம். இருபத்துமூன்றை யாரும் படித்ததில்லை, எழுதிய நான் உட்பட.

தரையைப் பற்றி நிறையச் சொல்லலாம், தெரியாமல் செய்யும் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். புல் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். தினம் எண்பது நாய் ஓடும் இடத்தில் புல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது, ஜனவரியில் வெறும் சேறு. மரச்சில்லு நல்லது, மரம் வெட்டும் கம்பெனிகள் பல நேரம் இலவசமாகவே கொட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் எது வந்தாலும் வாங்கிப் பரப்பக் கூடாது. தோட்டக் கடையில் மண்மேல் பரப்ப விற்கும் கோகோ தோல் மல்ச் சாக்லேட் மாதிரி மணக்கும். சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத தியோப்ரோமின்தான் அதிலும் இருக்கிறது.

ஒரு வருடம் வேலியோரம் பூச்செடி வைக்கலாம் என்று முடிவானது. தண்ணீர் அதிகம் கேட்காது, மான் தின்னாது, கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலை நடுவில்கூட வளர்க்கிறார்கள் என்று ஒருவர் ஒலியாண்டரைச் சொன்னார். பன்னிரண்டு தொட்டி வாங்கி எங்கள் வீட்டு கராஜில் வைத்திருந்தோம். அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தாள். காலையில் கராஜுக்குப் போனவள், "டேய், இது அரளிடா. ஆடுமாடே வாய் வைக்காது. இதையா நாய் விளையாடுற இடத்துல நடப்போறீங்க?" என்றாள். செவ்வரளியேதான். இலையிலிருந்து வேர்வரை எல்லாம் விஷம். ஆங்கிலப் பெயரில் கேட்டதால் எனக்கு உறைக்கவே இல்லை. பன்னிரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்தோம். எதை நட்டாலும் முதலில் நாய்க்கு ஆகுமா என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் பட்டியலைக் காட்டிவிடுங்கள்.

நடாமலே வளர்வதும் உண்டு. இந்தப் பக்கத்தில் ஃபாக்ஸ்டெயில் என்று ஒரு புல். நம் ஊர் ஒட்டுப்புல் வேட்டியில் ஏறுகிற மாதிரி நாயின் மேல் ஏறும், ஆனால் அதோடு நிற்காது. அதன் கதிரில் பின்னோக்கிய முள் இருப்பதால் முன்னால் மட்டுமே நகரும். காதுக்குள், மூக்குக்குள், கால்விரல் இடுக்கில் புகுந்து சதைக்குள்ளேயே போய்விடும். எடுக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வசந்தத்தில் பச்சையாக இருக்கும்போது பிடுங்கினால் சுலபம். காய்ந்த பிறகு இயந்திரம் வைத்து வெட்டினால் கதிரை பார்க் முழுக்க நாமே தூவியதாகிவிடும். எங்கள் வருடாந்திர வேலை நாளை ஜூனில் வைத்துக்கொண்டிருந்தோம், வானிலை நன்றாக இருக்கும் என்பதற்காக. இப்போது அதை மார்ச் கடைசிக்கு மாற்றிவிட்டோம்.

கழிவு விஷயத்தில், பை வைத்தால் போதும், எடுப்பார்கள் என்று நினைப்பது தவறு. போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் தன் நாயைப் பார்ப்பதில்லை. மழை பெய்தால் எடுக்காத கழிவு கரைந்து மழைநீர்க் கால்வாய்க்குப் போகும். பெரும்பாலான ஊர்களில் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிப்பதில்லை, ஓடைவழியே அப்படியே வளைகுடாவில் கலக்கிறது. பூங்காவை மூடச் சொல்லும் அக்கம்பக்கத்தார் கையில் எடுக்கும் முதல் ஆயுதமும் இதுதான். மண்வெட்டியும் பக்கெட்டும் நாலு இடத்தில் தொங்கவிட்டு, முறை வைத்து ஒருவர் தினம் ஒரு சுற்று வருவது எங்களுக்குப் பலன் கொடுத்தது. பொதுத் தண்ணீர்க் கிண்ணத்தையும் அதே ஆள் தினமும் கொட்டிக் கழுவிவிடுவார். வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போக நாள்பட்ட தண்ணீர் வசதியான இடம்.

சரி, இனி பணம். பொருளாளர் பேசாமல் இருக்க முடியாது.

சங்கத்துக்கு 501(சி)(3) வரிவிலக்கு வாங்கியாகிவிட்டது, இனி வேலை இல்லை என்று நினைப்பதுதான் பெரிய பள்ளம். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சங்கம் 990-என் என்ற சின்னப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். பத்து நிமிட வேலை. ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைப்பவர்களுக்குக் கடைசி நாள் மே 15. தொடர்ந்து மூன்று வருடம் விட்டால் விலக்கு தானாகவே ரத்து. 2006-இல் வந்த சட்டம் இது. 2011 ஜூனில் வரித்துறை அப்படி விலக்கு இழந்தவர்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது சுமார் 2,75,000 அமைப்புகள் அதில் இருந்தன. இது போக மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் அறக்கொடைப் பதிவேட்டுக்கு வருடாவருடம் ஒன்று, மாநில வரித்துறைக்கு ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அமைப்புகளைப் பதிவு செய்யும் மாநில செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்கு ஒன்று என்று படிவங்கள் உண்டு.

நன்கொடையைத் தலைவரின் சொந்த வென்மோ (போனில் பணம் அனுப்பும் செயலி) கணக்கில் வாங்காதீர்கள். அவர் யோக்கியராகவே இருக்கட்டும், அவருக்கே வருட முடிவில் எது நன்கொடை, எது நண்பர் கொடுத்த சாப்பாட்டுக் காசு என்று தெரியாது. 250 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவருக்கு எழுத்தில் ரசீது வேண்டும், இல்லாவிட்டால் அவரால் வரியில் கழிக்க முடியாது. குலுக்கலில் மாட்டிக்கொள்ளும் சங்கங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் டிக்கெட் விற்றுக் குலுக்கல் நடத்த முன்கூட்டியே அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பதிய வேண்டும், விற்ற தொகையில் 90 விழுக்காடு அறப்பணிக்கே போக வேண்டும், டிக்கெட்டை இணையத்தில் விற்கவும் கூடாது. பாதி வென்றவருக்கு, பாதி சங்கத்துக்கு என்ற ஆட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது. பக்கத்து ஊரில் அதை இரண்டு வருடம் நடத்திவிட்டு, யாரோ சொன்ன பிறகு பயந்து நிறுத்தினார்கள்.

எல்லாவற்றையும்விட எங்களை உலுக்கியது வேறு. சங்கத்தைத் தொடங்கியவருக்கு ஒரு கறுப்பு லேப்ரடார் இருந்தது. பதின்மூன்று வயதில் இறந்தது. அவர் அடுத்த வாரம் வந்தார், ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்து போனார். அப்புறம் வரவே இல்லை. அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனசில்லை. ஆனால் இணைய முகவரி அவர் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சல் அவர் போனில், சாமான் அறைச் சாவி அவர் வீட்டில், சிட்டியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அவர் தலைக்குள். காப்பீட்டுப் புதுப்பிப்புக் கடிதம் யாரும் திறக்காத மின்னஞ்சலில் இரண்டு மாதம் கிடந்தது. அந்த இரண்டு மாதமும் நாங்கள் காப்பீடு இல்லாமல்தான் மரச்சில்லு பரப்பியிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்தில் பிள்ளை படித்து முடித்ததும் பெற்றோர் போவார்கள், அந்தத் தேதி முன்பே தெரியும். எங்களுக்கு நாயின் ஆயுள்தான் பதவிக்காலம், அதை யாரும் காகிதத்தில் எழுதுவதில்லை. இப்போது கடவுச்சொற்கள் மூன்று பேரிடம் இருக்கின்றன. வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, கையெழுத்துப் போடாத மூன்றாமவர் மாதாமாதம் அறிக்கையைப் பார்ப்பார். யாரும் ஒரே பொறுப்பில் மூன்று வருடத்துக்கு மேல் கூடாது என்று விதி எழுதினோம், நான் போன பிறகுதான் அது அமலுக்கு வந்தது என்பது வேறு விஷயம்.

என் நாய்க்குப் பதினொன்று ஆனபோது கணக்குப் புத்தகத்தை இன்னொருவரிடம் கொடுத்தேன். புதுப் பொருளாளரைத் தேடும்போது கணக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு முன், நாய்க்கு என்ன வயது என்று கேட்டோம். அவருடையதுக்கு அப்போது ஒன்றேகால். வாரத்துக்கு ஒரு செருப்பு தின்றுகொண்டிருந்தது.