வெளிநாட்டுக் கம்பெனி, மதுரையில் வேலை: முதல் பணம் கைக்கு வரும் வரை

பெர்லினில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு மதுரையில் வீட்டு மாடி அறையிலிருந்து வேலை பார்க்கிறேன். முதல் மாதப் பணம் ஒன்பது நாள் வங்கியிலேயே படுத்துக் கிடந்தது. கிளையிலிருந்து போன் வந்து, "சார், இது எதுக்கு வந்த பணம்?" என்று கேட்டார்கள். "சம்பளம்" என்றேன். வினையே அங்கேதான். சம்பளம் என்றால் நியமன ஆணை கொண்டு வாங்க என்றார்கள், என்னிடம் அது கிடையாது. காகிதத்தில் நான் ஊழியனே இல்லை, சேவை செய்துவிட்டு பில் போடுகிற ஆள். இந்த வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

படி 1: நீங்கள் யார் என்று கேளுங்கள்

அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் கிளை இருந்து, அதில் உங்களைச் சேர்த்துக்கொண்டால் நீங்கள் சாதாரண ஊழியர்தான், இந்தப் பதிவு உங்களுக்குத் தேவையில்லை. கிளை இல்லை என்றால் இரண்டு வழி. டீல், ரிமோட் போன்ற இடைநிலை நிறுவனம் மூலம் உங்களை இங்கேயே ஊழியராகச் சேர்த்துக்கொள்வார்கள். பிஎஃப், டிடிஎஸ் (முன்பே கழிக்கும் வருமான வரி) பிடித்து ரூபாயில் சம்பளம் வரும், தலைவலி குறைவு. இல்லாவிட்டால் கான்ட்ராக்டர், அதாவது என்னைப் போல பில் போடுகிற ஆள். சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்லும். இதில் பிஎஃப், கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு எதுவும் தானாக வராது, விடுப்புக்குக் காசு உண்டா என்பதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதனால் இப்போது வாங்குகிற சம்பளத்தையே யூரோவில் மாற்றிக் கேட்காதீர்கள், இதற்கெல்லாம் ஆகிற செலவையும் கூட்டிக் கேளுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் கான்ட்ராக்டருக்கு.

படி 2: நிறுவனம் நிஜமா?

பிரிட்டன் என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்திலும், ஜெர்மனி என்றால் ஹாண்டெல்ஸ்ரெகிஸ்டர் தளத்திலும் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம், இரண்டும் அந்த நாட்டு நிறுவனங்களின் பதிவேடு. வேலை கொடுக்கும் முன் லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

படி 3: ஒப்பந்தம்

இருபது பக்கம் இருக்கும், முழுக்கப் படிக்கச் சோம்பலாக இருக்கும். நான்கு விஷயத்தையாவது தேடிப் பிடியுங்கள். எந்த நாணயத்தில் பணம், பில் போட்டு எத்தனை நாளில் வரும், அனுப்பும் கட்டணம் யார் தலையில், விலக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு. என் முதல் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு அவர்களுக்கு 7 நாள், எனக்கு 60 நாள் என்று இருந்தது. இரண்டு பக்கமும் 30 ஆக்குங்கள் என்று ஒரு வரி மெயில் போட்டேன், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அப்படியே கையெழுத்தாகியிருக்கும்.

அமெரிக்க நிறுவனமாக இருந்தால் டபிள்யூ-8 பிஇஎன் என்ற படிவம் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் ஒரு பக்கத் தாள்தான். வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணை எழுதி அந்த நிறுவனத்திடமே கொடுத்தால் போதும்.

படி 4: வங்கி

வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் அது எதற்காக வந்தது என்று ரிசர்வ் வங்கி வகுத்த ஒரு நோக்கக் குறியீடு உண்டு. வங்கியில் பர்ப்பஸ் கோடு என்பார்கள். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802, ஊழியர் சம்பளத்துக்கு பி1401. நான் "சம்பளம்" என்று உளறியதும் விவகாரம் இரண்டாவது பக்கம் போய்விட்டது. ஒப்பந்தத்தையும் இன்வாய்ஸையும் எடுத்துக்கொண்டு நேரில் போய், படிவத்தில் பி0802 என்று எழுதிக் கொடுத்தேன், மறுநாள் பணம் கணக்கில் ஏறியது. சேமிப்புக் கணக்கே போதுமா, கரண்ட் அக்கவுண்ட் வேண்டுமா என்பதைக் கிளையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாற்று விலையையும் பாருங்கள். 2,500 யூரோவுக்கு வங்கி சந்தை விலையைவிட ஒன்றரை ரூபாய் குறைத்துக் கொடுத்தால் மாதம் 3,750 ரூபாய் சத்தமில்லாமல் போகும். வைஸ் மாதிரி பணம் அனுப்பும் சேவைகள் சந்தை விலையை ஒட்டி மாற்றி, கட்டணத்தைத் தனியாகக் காட்டும். எந்த வழியில் வந்தாலும் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை, ஃபிரா என்பார்கள், மாதாமாதம் வாங்கி வையுங்கள்.

படி 5: இன்வாய்ஸும் ஜிஎஸ்டியும்

இன்வாய்ஸில் வரிசை எண், தேதி, இரு தரப்பு முகவரி, என்ன வேலை, எந்த மாதம், தொகை, வங்கிக் கணக்கு எண், ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வருவதற்கான வங்கியின் அடையாளக் குறியீடு). அவ்வளவுதான்.

நிதியாண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான், ஆனால் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஜிஎஸ்டி தளத்தில் போட்டிருந்தால்தான் கட்டாமல் இருக்கலாம். இல்லையென்றால் 18 சதவீதம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். அந்தக் கடிதம் மார்ச் 31 அன்று காலாவதியாகும், ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் போட வேண்டும். வரி இல்லையே என்று ரிட்டர்ன் போடாமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும்.

படி 6: வருமான வரி

பெர்லின்காரர் டிடிஎஸ் பிடிக்க மாட்டார், முழுத் தொகையும் வரும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், அதில் அரசாங்கத்தின் பங்கும் இருக்கிறது. மென்பொருள், பொறியியல் மாதிரித் தொழில்களுக்கு 1961 சட்டத்தில் 44ஏடிஏ என்ற பிரிவு இருந்தது. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். 2026 ஏப்ரலில் புதிய சட்டம் வந்து எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. வரம்பு 50 லட்சம், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 2,500 யூரோ, ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 30 லட்சம். பாதி 15 லட்சம். 2025-26 புதிய வரி முறையில் இதற்கு 1,05,000, செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 1,09,200 ரூபாய். வரவில் பாதியைக் காட்டும் இந்த ஏற்பாட்டில் வருபவர்கள் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். நான் மாதம் பத்தாயிரத்தை வேறு கணக்கில் போட்டுவிட்டு அந்தப் பக்கமே திரும்புவதில்லை. எழுத்து, டேட்டா என்ட்ரி மாதிரி வேலை என்றால் இந்தப் பிரிவில் வருமா என்று ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 7: நேரமும் கரண்ட்டும்

குளிர்காலத்தில் பெர்லின் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். இது தெரியாமல் அடுத்த நாள் மீட்டிங்குக்கு வழக்கம்போல இரண்டரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன், அது ஒன்றரைக்கே தொடங்கி முடிந்திருந்தது. காலண்டரில் மீட்டிங்கை பெர்லின் நேரத்திலேயே பதிந்து வையுங்கள்.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முதல் நாள் செய்தித்தாளில் ஏரியா பெயரோடு போடுவார்கள். லேப்டாப் தாங்கும், ரௌட்டர் அணைந்துவிடும். ரௌட்டருக்கென்று ஒரு மினி யூபிஎஸ், கைவசம் வேறு நிறுவன சிம் ஒன்று, இரண்டையும் முதல் மாதப் பணத்திலேயே வாங்கிவிடுங்கள். எங்கள் மேனேஜருக்கு இப்போது எங்கள் தெரு மின்தடை நாள்கூடத் தெரியும், அன்றைக்கு மீட்டிங் வைப்பதில்லை.