எக்ஸ்கிளாக்கைக் கொண்டு கட்டளை வரி விருப்பங்களைப் பழகுதல்

எக்ஸ்கிளாக் (கடிகாரம்), எக்ஸ்லோடு (கணினியின் சுமையைக் காட்டும் வரைபடம்), எக்ஸ்ஐஸ் (சுட்டியைப் பின்தொடரும் கண்கள்) போன்ற சிறு வரைகலைக் கருவிகளை லினக்ஸில் முதன்முதலாகத் திறப்பவர்கள், அவற்றில் அமைப்புகளுக்கென ஒரு பட்டியோ பொத்தானோ இல்லாததைக் கண்டு, இவற்றில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணி மூடிவிடுவதுண்டு. ஆனால் மாற்றக்கூடியவை ஏராளம். அவை அனைத்தும் முனையத்தில், கருவியைத் தொடங்கும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. இவை எக்ஸ் டூல்கிட் என்னும் பொது நூலகத்தின்மேல் எழுதப்பட்டவை என்பதால், கடிகாரம் ஒன்றுக்குக் கற்ற விருப்பங்களில் பெரும்பகுதி மற்றவற்றுக்கும் அப்படியே பயன்படும். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் இவை எக்ஸ்11-ஆப்ஸ் என்ற தொகுப்பில் கிடைக்கின்றன.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சிடும்போது, தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம், ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் பயன்படுத்த வேண்டும்.

முதலில் கடிகாரத்தை அளவோடும் இடத்தோடும் திறப்போம்:

எக்ஸ்கிளாக் -ஜியோமெட்ரி 160எக்ஸ்160-0+0 &

இடையில் உள்ள எக்ஸ் பெருக்கல் குறிபோல் நிற்கும் ஓர் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னுள்ளது அகலம், பின்னுள்ளது உயரம், இரண்டும் பிக்சலில். அதன்பின் வரும் இரண்டு எண்களில் முதலாவது கிடைத்திசை இடத்தையும் இரண்டாவது செங்குத்து இடத்தையும் சொல்கின்றன. கூட்டல் குறி இருந்தால் இடது ஓரத்திலிருந்தோ மேல் ஓரத்திலிருந்தோ அளக்கப்படும்; கழித்தல் குறி இருந்தால் வலது ஓரத்திலிருந்தோ கீழ் ஓரத்திலிருந்தோ அளக்கப்படும். ஆகவே -0+0 என்பது மேல் வலது மூலை, -0-0 என்பது கீழ் வலது மூலை. திரையின் அகலம் எத்தனை பிக்சல் என்று தெரியாமலே சாளரத்தை மூலையில் ஒட்டவைக்க முடிவது இந்த முறையின் பெரும் வசதி. எனினும் இது ஒரு வேண்டுகோள் மட்டுமே. சாளரங்களை இடம்வைத்து நிர்வகிக்கும் நிரலான சாளர மேலாளர் அதை ஏற்காமல் வேறிடத்தில் வைக்கவும் உரிமை உண்டு. எக்ஸ்டெர்ம் என்னும் முனைய நிரலில் இதே விருப்பத்தைக் கொடுத்தால் அகலமும் உயரமும் பிக்சலாக அல்லாமல் எழுத்துகளின் எண்ணிக்கையாகக் கொள்ளப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரியின் இறுதியில் உள்ள & குறியை விட்டுவிட்டால், கடிகாரத்தை மூடும்வரை அந்த முனையத்தில் வேறு கட்டளை இட முடியாது.

எக்ஸ்கிளாக் இயல்பாக 60 நொடிக்கு ஒருமுறைதான் தன்னைப் புதுப்பிக்கிறது. அதனால்தான் அதில் நொடிமுள் தென்படுவதில்லை. -அப்டேட் விருப்பத்துக்கு 30 அல்லது அதற்குக் குறைவான எண்ணைக் கொடுத்தால் நொடிமுள் தோன்றும். எண்களாலான கடிகாரம் வேண்டுவோர் பின்வருமாறு எழுதலாம்:

எக்ஸ்கிளாக் -டிஜிட்டல் -எஸ்டிஆர்எஃப்டைம் '%எச்:%எம்:%எஸ்' -அப்டேட் 1 &

இங்கே விழுக்காட்டுக் குறியை அடுத்து வரும் மூன்று எழுத்துகளும் பேரெழுத்துகள். எம் எழுத்தைச் சிறிதாக எழுதினால் நிமிடத்துக்குப் பதிலாக மாதத்தின் எண் வந்து நிற்கும். அப்டேட் 1 என்பதை விட்டுவிட்டால் கடிகாரம் நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும், அதனால் நொடி எண் ஓடாது.

நிறங்களுக்குப் பின்னணியில் -பிஜி, முன்னணியில் -எஃப்ஜி, கடிகார முட்களுக்கு -எச்டி (சில பதிப்புகளில் -நோரெண்டரையும் சேர்த்தால்தான் இது வேலை செய்யும்). நிறத்தைப் பெயராலோ எண்ணாலோ கொடுக்கலாம். எண்ணால் கொடுக்கும்போது அதை மேற்கோள் குறிகளுக்குள் இடுவது கட்டாயம் என்பதைப் பலமுறை வலியுறுத்த விரும்புகிறேன்; ஏனெனில் இடைவெளிக்குப் பின் # குறி வந்தால், அதிலிருந்து வரியின் இறுதிவரை உள்ள அனைத்தையும் ஷெல் (முனையத்தில் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) கருத்துரையாகக் கருதிக் கழித்துவிடும், உங்கள் & குறியும் அதோடு போய்விடும். எனவே -பிஜி '#203040' என்றே எழுதுங்கள்.

வெளியூரில் உள்ளவர்களின் நேரத்தைக் காட்ட இரண்டாவது கடிகாரம் ஒன்றைத் திறக்க விரும்பினால், கட்டளைக்கு முன்னால் நேர மண்டல மாறியை வைத்தால் போதும்:

டிஇசட்=யூரோப்/லண்டன் எக்ஸ்கிளாக் -டைட்டில் லண்டன் &

டிஇசட் முழுவதும் பேரெழுத்து. கண்டத்துக்கும் நகரத்துக்கும் முதலெழுத்து மட்டும் பேரெழுத்து. இந்த மாறி அந்த ஒரு கடிகாரத்தை மட்டுமே பாதிக்கும். கணினியின் நேரம் மாறாது.

எக்ஸ்லோடுக்கும் இதே ஜியோமெட்ரியும் நிறங்களும் பொருந்தும். அதன் வரைபடம் இயல்பாக 10 நொடிக்கு ஒருமுறை நகரும். அதையும் -அப்டேட்டால் மாற்றலாம், -நோலேபல் கொடுத்தால் மேலே உள்ள பெயர் மறையும். எக்ஸ்ஐஸில் +ஷேப் என்று கொடுத்தால் கண்களின் வடிவில் வெட்டப்படாத செவ்வகச் சாளரம் வரும். கூட்டல் குறியால் ஒன்றை அணைப்பது இந்தக் குடும்பத்தின் பழைய வழக்கம். இன்றைய கருவிகளை மட்டும் அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும்.

பிடித்த விருப்பங்களை ஒவ்வொரு முறையும் தட்டச்சிடத் தேவையில்லை. முகப்புக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில், அதன் பெயரில் எக்ஸ் மட்டும் பேரெழுத்தாக, எக்ஸ்கிளாக்*அப்டேட்: 1 என்ற வரியை எழுதி, எக்ஸ்ஆர்டிபி -மெர்ஜ் கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுங்கள். அடுத்து திறக்கும் கடிகாரங்கள் அதன்படி நடக்கும். கட்டளை வரியில் வேறு எண் கொடுத்தால் அதுவே முந்தும். ஸ்டார்ட்எக்ஸ் என்னும் கட்டளை வழியாக மேசைத்தளத்தைத் தொடங்குவோர், முகப்புக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் இக்கருவிகளை வரிக்கு ஒன்றாக, & குறியோடு எழுதலாம்; ஆனால் கடைசி வரியாகிய சாளர மேலாளருக்கு மட்டும் அந்தக் குறியை இடக்கூடாது, இட்டால் கோப்பு உடனே முடிந்து அமர்வும் மூடிவிடும்.