கடத்தல் தங்க வழக்கில் முன்தேதியிட்ட பில்லும் வேறு சில தவறுகளும்

சுங்க வழக்குகளைக் கற்றுக்கொள்ள என்னிடம் வந்திருக்கும் ஜூனியர் ஒருவர், தங்கம் கைப்பற்றப்பட்ட வழக்கொன்றில் விளக்கம் கோரும் நோட்டீசுக்குப் பதில் தயாரித்துச் சென்ற வாரம் என் மேசையில் வைத்தார். பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்பதே கட்சிக்காரருக்குத் தெரியாது என்றது நான்காம் பத்தி. அது அவருடைய மைத்துனர் பில் போட்டு வாங்கிய தங்கம் என்றது ஏழாம் பத்தி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய பதிலும் இதே லட்சணத்தில்தான் இருந்தது. தவணை தவறுவது, வக்காலத்தில் கையெழுத்து விடுபடுவது போன்றவை தானே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கையில் இருந்தாலே குற்றம் என்று கருதுவது

1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 135(1)(பி) பிரிவு, பறிமுதலுக்கு உரிய பொருளை வாங்குவது, சுமப்பது, பதுக்குவது, விற்பது என எல்லாவற்றையும் வளைத்துப் பிடிக்கிறது என்றாலும், அது அப்படிப்பட்ட பொருள் என்று எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தெரிந்திருக்க வேண்டும் அல்லது அப்படி நம்புவதற்கு அவருக்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குற்றமனம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 138ஏ பிரிவு. அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு எதிரியுடையது. அதையும் ஐயத்துக்கு இடமின்றி உடைக்க வேண்டும், பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்ற அளவு போதாது. எனவே ‘தெரியாது’ என்று எழுதினால், பொட்டலத்தை யார் கொடுத்தார், எப்படிக் கட்டியிருந்தது, கூலி எவ்வளவு பேசப்பட்டது, கைப்பேசியில் என்ன செய்திகள் வந்தன என்று அந்தத் தெரியாமையை விவரங்களால் நிரப்ப வேண்டும்.

முன்தேதியிட்ட பில்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். தங்கம், கைக்கடிகாரம், அரசு அறிவிக்கை செய்த பிற பொருட்கள் ஆகியவற்றைக் கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரி கைப்பற்றினால், அவை கடத்தப்பட்டவை அல்ல என்று காட்டும் பொறுப்பு 123-ஆம் பிரிவின்படி அவற்றை வைத்திருந்தவர் மீது விழுகிறது. இதைக் கேட்டதும் கட்சிக்காரர் இரண்டே வாரத்தில் ஒரு பில்லோடு வந்து நிற்பார். இளம் வழக்கறிஞர் அதைப் புதையலாக நினைத்து அப்படியே இணைத்துவிடுவார். நானும் இணைத்தேன்.

என் வழக்கில், மகஜரின்படி, அதாவது கைப்பற்றிய இடத்தில் எழுதப்பட்ட பதிவின்படி, தலா 100 கிராமாக மூன்று கட்டிகள், தூய்மை 99.9 சதவீதம். பில்லோ, 300 கிராம் 916 நகையை, அதாவது 91.6 சதவீதத் தூய்மை கொண்ட நகையை, வாங்கி உருக்கியதாகச் சொன்னது. விசாரணையின்போது அதிகாரி என் பதிலின் ஓரத்திலேயே பென்சிலால் பெருக்கிக் காட்டினார்: 300 கிராம் 916 நகையில் சுத்தத் தங்கம் 275 கிராமைத் தாண்டாது, மீதி 25 கிராம் எங்கிருந்து வந்தது? அதோடு அவர் விடவில்லை. கடையின் பில் புத்தகத்தை வரவழைத்தார். எங்கள் பில்லுக்கு அடுத்த எண் கொண்ட பில், எங்களுடையதற்குப் பல நாட்கள் முந்தைய தேதியில் இருந்தது. மகஜரையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பத்து நிமிடம் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

போனது பில் மட்டுமல்ல. அந்தக் கட்சிக்காரருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் ‘இது எங்கள் தங்கம்’ என்று எழுதிய கையோடு ‘எனக்குத் தெரியாது’ என்ற ஒரே நல்ல எதிர்வாதம் செத்துவிட்டது. பில்லைக் கொடுத்து உரிமை கோரிய உறவினர் மீதும் அதே 123-ஆம் பிரிவு நிரூபிக்கும் பொறுப்பை ஏற்றியது, ஏனெனில் உரிமை கோரி வருபவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே குறிப்பிடுகிறது. பொய்யான ஆவணம் என்று அறிந்தும் அதைச் சுங்க அலுவல் எதிலும் பயன்படுத்துவது 132-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம் என்பது வேறு. துறை விசாரணைக்குத்தானே எழுதினோம் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை, அதே பதில் குற்றவியல் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பின் கையில் இருக்கும்.

போதைப்பொருள் தீர்ப்பைச் சுங்க வழக்கில் ஒட்டுவது

அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றத்துக்குச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2020-இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, போதைப்பொருள் சட்டத்தின் 67-ஆம் பிரிவு வாக்குமூலத்தைப் பற்றியது. சுங்க அதிகாரி பதிவுசெய்யும் சுங்கச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு வாக்குமூலத்தைப் பொறுத்தவரை, அவர் காவல் அதிகாரி அல்லர், எனவே அது சாட்சியமாக ஏற்கத்தக்கது என்ற ரொமேஷ் சந்திர மேத்தா தீர்ப்பின் நிலைதான் தொடர்கிறது. மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்றால் மறுப்பை முதல் வாய்ப்பிலேயே, அதாவது நீதித்துறை நடுவர் முன் ஆஜர்படுத்தும் நாளிலேயே பதிவுசெய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் மறுப்பு வக்கீல் எழுதிக்கொடுத்த மறுப்பாகவே வாசிக்கப்படும்.

‘வெறும் குருவிதான் ஐயா’

சந்தை மதிப்பு ஒரு கோடி ரூபாயைத் தாண்டினால் தண்டனை ஏழு ஆண்டு வரை போகும். சிறப்பான, போதிய காரணம் இல்லாமல் ஓராண்டுக்குக் குறைக்கவும் முடியாது. சுமந்து வந்தவர் (குருவி) மட்டுமே, முதல் குற்றம், வயது, ஏற்கெனவே தண்டத்தொகை விதிக்கப்பட்டது ஆகியவை அத்தகைய காரணங்கள் அல்ல என்று 135(3) பிரிவு பெயர் சொல்லியே விலக்குகிறது. ஜூனியர்களின் தண்டனைக் குறைப்பு மனுக்களில் இந்த நான்கைத் தவிர வேறு எதையும் நான் பெரும்பாலும் பார்த்ததில்லை.

தண்டத்தொகை கட்டினால் வழக்கு முடிந்தது என்று நம்புவது

முடியாது. துறை விதிக்கும் தண்டத்தொகை குற்றவியல் தண்டனைக்குத் தடையாகாது என்கிறது 127-ஆம் பிரிவு.

ஜூனியரின் வரைவில் ஏழாம் பத்தியை முழுவதுமாக அடித்துவிட்டு, நான்காம் பத்தியை மூன்று பக்கமாக விரித்து எழுதச் சொல்லியிருக்கிறேன். பில்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுமாறு மைத்துனருக்கு இரண்டு முறை தொலைபேசியில் சொல்லியாயிற்று. அவர் இன்னும் வரவில்லை.