மாஸ்ஃபெட் சுடுகிறதா? எழுத்தைப் பாருங்கள்

ஆர்டுயினோ என்ற குட்டி கன்ட்ரோல் போர்டில் எல்இடி ஸ்ட்ரிப்பை எரியவிட்டதும், அதற்கு சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் மாஸ்ஃபெட் கை வைக்க முடியாதபடி சுடுகிறதா? பார்ட் நம்பரைப் பாருங்கள், ஐஆர்எஃப்இசட்44என் என்று இருக்கலாம். அதன் டேட்டாஷீட்டில் (விவரத்தாளில்) த்ரெஷோல்டு, அதாவது அது திறக்கத் தொடங்கும் வோல்டேஜ், 2 முதல் 4 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். அப்போ ஆர்டுயினோ தரும் 5 வோல்ட் தாராளம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். அது வெறும் 0.25 மில்லிஆம்பியர் ஓடத் தொடங்கும் அளவுதான். முழுதாகத் திறக்க, மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்தும் காலான கேட் முனைக்கு 10 வோல்ட் வேண்டும். அரைகுறையாகத் திறந்து நின்றால், எல்இடிக்குப் போகவேண்டிய வோல்டேஜில் ஒரு பங்கு மாஸ்ஃபெட்டிலேயே வெப்பமாகிவிடும்.

அதற்குப் பதில் ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். அந்த 'எல்' லாஜிக் லெவலைக் குறிக்கிறது, அதாவது ஆர்டுயினோ மாதிரி போர்டு தரும் வோல்டேஜிலேயே நன்றாகத் திறக்கும் வகை. 5 வோல்ட்டிலேயே டிரெயின்-சோர்ஸ் தடை (மின்சாரம் ஓடும் மற்ற இரண்டு கால்களுக்கு இடையிலான தடை) 0.025 ஓமைத் தாண்டாது. 4 ஆம்பியர் ஓடினாலும் 0.4 வாட்தான், ஹீட்சிங்க்கூட வேண்டாம்.

அப்புறம், கேட்டையும் சோர்ஸையும் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரால் இணையுங்கள். கேட் ஒரு குட்டி கெப்பாசிட்டர் மாதிரி, ஒயரைக் கழற்றினாலும் சார்ஜ் தங்கிவிடும்; அதை இந்த ரெசிஸ்டர் வடித்துவிடும். ரெசிஸ்டர் இல்லாதபோது கேட் காலை விரலால் தொட்டுப் பாருங்கள், ஸ்ட்ரிப் பேய் பிடித்த மாதிரி மினுக்கும்.