பொம்மை முகத்தின் ஃபேக்டரி பெயிண்ட்டை அழிப்பது எப்படி

முகத்தைப் புதிதாக வரைவதற்காகப் பழைய பெயிண்ட்டைக் கரைப்பது சுலபம். கூடவே பொம்மையும் கரையாமல் பார்த்துக்கொள்வதில்தான் வேலை இருக்கிறது. அதனால் முதலில் கன்னத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பார்பி போன்ற பொம்மைகளின் தலை அமுங்கும்; அது வினைல், பெயிண்ட்டைக் கரைக்கும் அசிட்டோன் கொஞ்ச நேரம் பட்டால் தாங்கும். அமுங்காத கெட்டி பிளாஸ்டிக் முகம் அசிட்டோன் பட்டால் உருகிப் பிசுபிசுத்துவிடும். தனியாகப் பதித்த கண்களுக்கும் அதே கதிதான். 'அசிட்டோன் இல்லாதது' என்று போட்டிருக்கும் நெயில் பாலிஷ் ரிமூவரையும் நம்பாதீர்கள். அதில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும், கெட்டி பிளாஸ்டிக்கை அதுவும் அரிக்கும். ரெசின் பொம்மைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

வினைல் தலையைக் கழற்றிவிடுங்கள். கழுத்து முளை பெரும்பாலும் கெட்டி பிளாஸ்டிக், ஒரு துளி வழிந்தாலே பாழ். தலையை வெந்நீரில் ஓரிரு நிமிடம் வைத்தால் இளகி வந்துவிடும். முடியைப் பின்னால் வாரி, கிளிங் ஃபிலிம் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். வேர்க்கால் வழியே அசிட்டோன் இறங்கினால் உள்ளே முடியைப் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். நைட்ரைல் கையுறையை அது சீக்கிரமே ஊடுருவும், நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, சொட்டாமல் ஒற்றியெடுங்கள். புருவம், கண், கடைசியில் உதடு. சிவப்பை முதலில் தொட்டால் முகம் முழுக்க ரோஸ் நிறம் பரவும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள், ஒரு தடவை துடைத்த பஞ்சு மறுபடி முகத்தில் படக் கூடாது. பஞ்சில் கஞ்சத்தனம் பார்ப்பதால்தான் பாதிக் கறை வருகிறது. உதட்டு மடிப்புக்குப் பல்குத்தும் குச்சியில் மெல்லிய பஞ்சு சுற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தை அழுத்தித் தேய்த்தால் வினைல் இளகிப் பளபளக்கும். நிறுத்தி, நன்றாக உலரவிட்டுத் தொடருங்கள். லேசான கறை தங்கினால் இன்னும் அசிட்டோன் ஊற்றாதீர்கள், நிறம் ஆழமாக இறங்கும். 10% பென்ஸாயில் பெராக்சைடு க்ரீமைக் கறைமேல் மட்டும் தடவி வெளிச்சத்தில் வைத்தால் மங்கலாம். ஆனால் வினைலும் வெளுக்கக்கூடும். புது உதடு வரப்போகும் இடத்தில் அந்தச் சிரமம் எதற்கு?

பாத்திரம் கழுவும் திரவத்தால் அலம்பி, ஒரு நாள் உலரவிட்டபின், புது பெயிண்ட்டுக்கு அடியில் வரும் பளபளப்பில்லாத பூச்சான மேட் சீலண்ட் அடியுங்கள். அசிட்டோன் ரிமூவரின் எண்ணெய்ப்பசை மிச்சமிருந்தால் சீலண்ட் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும்.